மீனுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்

1

“மீனைப் பற்றி வெப்சைட்டோ? அதை ஆர் பிள்ளை பாக்கப்போயினம்? மீன்கூடப் பாக்காது.”

இப்படிச் சொன்னவர் நோர்வேயில் பேர்கன் நகரத்து எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சொல்லும்போது அவருடைய வாயில் ஒரு மீன் கட்லட் இருந்தது. அடுத்தது கையில் தயாராக இருந்தது. சங்கத்துக்கும் ஒரு வெப்சைட் இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரு குத்துவிளக்கு அணைந்து அணைந்து எரியும், நாதஸ்வரம் ஒன்று தானாகத் தொடங்கும், அதை நிறுத்துவது எப்படி என்று தலைவருக்கே தெரியாது.

என் வெப்சைட்டுக்கு இந்த மாதம் இரண்டு வயது. ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களில் பலர் இணையத்தை இன்னும் கண்டிருக்கமாட்டீர்கள். தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினிக்குள் வந்து சேரும் ஒரு மாபெரும் பத்திரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் கிடையாது. யாரும் எதையும் எழுதிப் போடலாம். அதுதான் அதன் சிறப்பு, வியாதியும் அதுதான்.

என் பக்கத்தின் பெயர் ‘களப்பின் உயிர்கள்’. மட்டக்களப்பு வாவியில் நீந்துவது, ஊர்வது, சேற்றில் துள்ளுவது, கண்டல் வேரில் ஒட்டியிருப்பது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பக்கம். தமிழ், ஆங்கிலம், நோர்வேஜியன் மூன்றிலும் எழுதியிருக்கிறேன். தமிழ் எழுத்தைப் படமாகத்தான் போட்டிருக்கிறேன். அப்படிப் போடாவிட்டால், எழுத்துருவை இறக்காதவர்களின் கணினியில் ‘விலாங்கு’ என்பது ஏதோ ரஷ்யக் கெட்டவார்த்தை மாதிரித் தெரியும்.

நான் சுகந்தி. பெரியகல்லாற்றில் வீச்சுவலை போடும் நல்லதம்பியின் மகள். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தாண்டியதோடு நிற்காமல் உயர்தரத்தில் உயிரியல் எடுத்து, பல்கலைக்கழக அனுமதியும் வாங்கினேன். இதைச் சந்திப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன் என்று என் கணவர் சுகுமார் குறைப்படுவார். ஓம், சொல்கிறேன். அந்த வருடம் சண்டையால் பாதை பூட்டு, பிறகு பல்கலைக்கழகம் பூட்டு, அதற்குப் பிறகு கலியாணம். தவளையைக் கீறிப் பார்க்கப் படித்த கை இப்போது ஒரு தொழிற்சாலையில் சால்மன் மீனைக் கீறுகிறது. மீன் என்னிடம் வரும்போதே அதற்குத் தலை இல்லை. எட்டு மணிநேரம் முகமில்லாத மீன்களோடு நின்றால், முகமுள்ள மீன் ஒன்றைப் பார்க்க யாருக்கும் ஆசை வரும்.

நூலகத்தில் கணினி வகுப்பு இலவசம் என்றார்கள். போனேன். அங்கேதான் அந்த விசித்திரமான மனிதர்களைக் கண்டுபிடித்தேன். ஸ்கொட்லாந்தில் ஒரு தாதி, ஓடில்லாத நத்தைகளுக்கு மட்டும் ஒரு வெப்சைட் வைத்திருக்கிறார். பின்லாந்தில் ஒரு பஸ் சாரதி, தன் தரிப்பிடங்களில் முளைக்கும் பாசிகளைப் படம் எடுத்துப் போடுகிறார். கனடாவில் ஒரு தம்பதி வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒரே ஒரு குட்டையைப் பற்றி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். குட்டைக்கு வந்த ஒரு தவளை காணாமல் போனதற்கு அவர்கள் எழுதிய பக்கத்தை வாசித்து நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். ஒருவரும் பேராசிரியர் இல்லை. எழுதச் சொல்லி ஒருவரையும் ஒருவரும் கேட்கவில்லை. தங்கள் பாட்டில் பார்த்ததை, தங்கள் பாட்டில் எழுதி, வந்தவர்கள் எழுதிப்போகக் கீழே ஒரு வருகைப் புத்தகமும் வைத்து, யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறார்கள்.

இவர்கள்தான் என் ஆட்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

2

எழுதுவது சுலபம். படத்துக்குத்தான் வழியில்லை. களப்பு அங்கே, நான் இங்கே. என் தம்பி ரவி சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்பவன். ஊருக்குப் போன ஒருவரிடம் ஒரு சின்னக் கமராவும் பிலிம் சுருள்களும் கொடுத்துவிட்டேன். ‘கிடைக்கிற மீனையெல்லாம் ஒவ்வொன்றாக எடு, அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஏதாவது வை’ என்று எழுதினேன். ஒரு தீப்பெட்டியையோ பேனையையோ மனதில் வைத்துத்தான் அப்படி எழுதினேன்.

முதல் பொதி வந்தது. பிரித்தேன். மணலை மீன், பக்கத்தில் அம்மா, கோயிலுக்குக் கட்டும் சேலையில். விலாங்கு, பக்கத்தில் பெரிய மாமா, தலை வாரி, பவுடர் போட்டு. ஒரு பிடி இறால். பக்கத்தில் சித்தி, கையில் ஒரு பிளாஸ்டிக் பூ. நண்டுக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேரை எனக்குத் தெரியவே தெரியாது. நண்டு மட்டும்தான் கமராவைப் பார்க்கவில்லை.

தொலைபேசி வைத்திருக்கும் கம்யூனிகேசன் கடையில் அம்மா காத்திருக்கும் நேரத்துக்கு அழைத்தேன்.

“அம்மா, மீனைத்தானே எடுக்கச் சொன்னனான். நீங்க என்னத்துக்கு மீனுக்குப் பக்கத்தில நிக்கிறீங்க?”

“மறுகா ஆர் நிக்கிற?”

“ஒருத்தரும் நிக்கத் தேவல்ல. மீன் மட்டும் போதும்.”

“என்ன கதை புள்ள இது? வெளிநாட்டுக்குப் போற படம். ஆள் இல்லாம அனுப்பினா நீ என்ன நினைப்பாய்? வீட்டில ஒருத்தரும் மிச்சமில்லையெண்டு நினைக்க மாட்டாயா?”

“இப்ப உங்களோட கதைச்சிற்றுத்தானே இருக்கன்.”

“கதை காத்தோட போயிரும். படம் கிடக்கும். வெளிநாட்டில இருக்கிற உன்ட மாமி ஒருத்திக்கு, மகன் வெறும் வீட்டைப் படம் எடுத்து அனுப்பினான், புதுசா ஓடு போட்டதெண்டு. அவ அதைப் பாத்திட்டு மூண்டு நாள் சாப்பிடல்ல.”

உயர்தர உயிரியலில் இந்தப் பாடம் இருக்கவில்லை. ஆனால் அம்மா சொன்னது எங்கள் பக்கத்துச் சட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக்குப் போகும் படம் என்றால், ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று யாராவது அதில் நிற்கவேண்டும். ஆளில்லாத படம் என்பது செய்தி சொல்லாமல் செய்தி சொல்வது.

ரவியைக் கேட்டேன்.

“அக்கா, ஒரு ரோல்ல முப்பத்தாறு படம். நான் கமராவைத் தூக்கினாச் சனம் லைன்ல வந்து நிக்குது. கம்ப்யூட்டரில வருமாம் எண்டு ஊர் முழுக்கக் கதை. மீன் காணாது இப்ப. ஒரே கெளிறை நாலு பேர் மாறி மாறிப் பிடிச்சிற்று நிண்டவங்க.”

“கெளிறு முள்ளடிக்குமேடா.”

“ரெண்டு பேருக்கு அடிச்சதுதான். படத்தில சிரிச்சிற்று நிக்கிறாங்க, பாரன்.”

பார்த்தேன். அது சிரிப்பில்லை.

கமராவோடு இராணுவச் சோதனைச் சாவடியைக் கடப்பதும் லேசான காரியம் இல்லை. ஒருநாள் ரவியை மறித்து, கழுவி எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். ஆட்களின் படம் ஏன் இவ்வளவு, யார் இவர்கள், எந்தப் பக்கத்து ஆட்கள்? ரவிக்குச் சிங்களம் ஒரு சொல்தான் தெரியும். மீனைக் காட்டி, “மாலு, மாலு” என்றிருக்கிறான். சிப்பாய் திரும்பவும் முதலிலிருந்து பார்த்திருக்கிறான். ஒவ்வொரு படத்திலும் மீன். சிரிக்கத் தொடங்கி, பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறான். கடைசியில் படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிள் பெட்டியில் இருந்த மீனை எடுத்துக்கொண்டான்.

3

இணையத்தில் ‘வளையம்’ என்று ஒன்று உண்டு. ஒரே விருப்பம் உள்ளவர்களின் வெப்சைட்டுகள் கைகோத்து நிற்கும். ஒருவருடைய பக்கத்தின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் அடுத்தவருடைய பக்கம் வரும். நத்தையிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து குட்டைக்கு, இப்படியே உலகத்தைச் சுற்றி வரலாம். அந்தத் தாதி, பஸ் சாரதி, கனடாத் தம்பதி எல்லாரும் ஒரே வளையத்தில் இருந்தார்கள். நானும் அதில் நிற்க விரும்பினேன்.

எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இந்த நாட்டில் எனக்கு இரண்டு பெட்டிகள்தான் தந்தார்கள். ஒன்று ‘வெளிநாட்டவர்’, மற்றது ‘மீன் வெட்டுபவர்’. சங்கம் மூன்றாவது பெட்டி ஒன்று தந்தது: ‘சுகுமாரின் மனைவி’. உயிரியல் தெரிந்தவள் என்ற பெட்டி எங்கும் இருக்கவில்லை. வளையத்தில் சேர்ந்தால் அது கிடைக்கும். பல்கலைக்கழகம் பூட்டிய கதவுக்குப் பதிலாக ஒரு சின்ன யன்னல்.

வளையத்தின் பொறுப்பாளர் ஆர்னே என்று ஒருவர். ஓய்வுபெற்ற கப்பல் மின்னியலாளர். கடற்பாறையிலும் கப்பலின் அடியிலும் சிப்பிபோல ஒட்டிக்கொண்டிருக்குமே, கொட்டலசு, அதற்குத்தான் அவருடைய வெப்சைட். தற்செயலாக எங்கள் நகரத்துக்கு எதிரே உள்ள தீவில்தான் இருக்கிறார். நான் விண்ணப்பித்தேன். ‘அன்புள்ள திரு. நல்லதம்பி’ என்று பதில் வந்தது. இந்நாட்டு அலுவலகங்கள் அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராக்கிவிட்டதால், என் தொலைபேசிக் கட்டணம், வரிக் கடிதம், பல் வைத்தியரின் நினைவூட்டல் எல்லாம் அப்பாவின் பெயருக்குத்தான் வருகின்றன. களப்பை விட்டு வெளியே போகாத என் அப்பாவுக்குப் பேர்கனில் இரண்டு பல் அடைத்திருக்கிறது.

ஆர்னே எழுதியிருந்தார்: ‘உங்கள் குறிப்புகள் மிக நன்று. ஆனால் படங்களைப் பார்த்தால் இது மீன் பற்றிய பக்கமா, கலியாண வீட்டு அல்பமா என்று தெரியவில்லை. எங்கள் வளையத்தின் விதி இரண்டு. படத்தில் மனிதர் வரக்கூடாது. அளவு காட்டும் பொருள் இருக்கவேண்டும். திருத்தினால், குளிர்காலம் முடியும்வரை தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்கிறேன். பிறகு முடிவு செய்வோம்.’

அவர் சொன்னது சரிதான். எனக்கே அந்தப் படங்களைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நூலகத்துக் கணினியில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினேன். அம்மாவை வெட்டினேன். பெரிய மாமாவை அவருடைய பவுடரோடு வெட்டினேன். பிடித்திருக்கும் கையை மட்டும் வெட்ட முடியவில்லை, வெட்டினால் மீனின் வாலும் போய்விடும். சில மீன்கள் தோளில்லாத கைகளில் தொங்கின. அது பரவாயில்லை, தொழிற்சாலையில் பழகிய வேலைதான்.

ஆறு வயது மகள் ஆரணி பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளோடு தமிழில் பேசினால் நோர்வேஜியனில் பதில் வரும். ஊரில் உள்ள சொந்தக்காரர் எவரையும் அவள் நேரில் கண்டதில்லை. படத்தில் வைத்துத்தான் தெரியும், அதுவும் மீனை வைத்து. விலாங்கு மாமா, இறால் சித்தி, மணலை அம்மம்மா என்று பெயர் வைத்திருந்தாள்.

“விலாங்கு மாமா எங்கே?” என்று கேட்டாள்.

“அவர் வேலைக்குப் போயிற்றார்.”

“நீங்கள்தான் அழித்தீர்கள். நான் பார்த்தேன்.”

இரண்டு வாரத்தில் வளையத்தின் சின்னம் என் பக்கத்தின் அடியில் ஏறியது. பஸ் சாரதி பின்லாந்திலிருந்து வருகைப் புத்தகத்தில் எழுதினார்: ‘சேற்றில் துள்ளும் மீன் பற்றிய குறிப்பை என் மனைவிக்கு உரக்க வாசித்தேன்.’ ஸ்கொட்லாந்துத் தாதி கெளிற்றைப் பற்றி மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் நல்ல கேள்விகள். ஆண் கெளிறு முட்டைகளை வாயில் வைத்துக் காப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அவ்வளவு நாளும் அது வாய் திறக்காது, ஒன்றும் தின்னாது. ‘இப்படி ஒரு ஆணை நான் சந்தித்ததில்லை’ என்று எழுதியிருந்தார். நானும்தான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் தலைநிமிர்ந்து மீன் வெட்டினேன்.

4

ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. பக்கத்தின் அடியில் என் நம்பரைப் போட்டிருந்தேன். யாரும் அழைத்ததில்லை.

“ஹலோ, மீன் வெப்சைட்டா?”

மட்டக்களப்புக் குரல்.

“ஓம்.”

“கொடுவா இருக்கா?”

“நாங்க மீன் விக்கிறதில்லக்கா.”

“எனக்கு வாங்கத் தேவல்ல. உங்கட கொடுவாவைப் பிடிச்சிருக்கிற கை எங்கட அம்மாட கை. மிச்ச ஆளை எங்க?”

அவர் தானாகவே சொன்னார். பெயர் மலர். சுவிஸில் ஓர் ஆஸ்பத்திரியில் துணி கழுவும் வேலை. ஊர் உன்னிச்சை. வாவியை ஊரில் ஆறு என்றுதானே சொல்வோம், அந்த ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில், குளத்தடியில் உள்ள ஊர். இராணுவத்தின் கையில் உள்ள கிழக்கு எழுவான்கரையில் இருந்து, இயக்கத்தின் கையில் உள்ள அந்தக் கரைக்குப் போவதும் வருவதும் இந்தக் காலத்தில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“அம்மா பேர் பொன்னம்மா. கண்ணுக்கு மருந்தெடுக்க எழுவான்கரைக்கு வந்தவ. கல்லாத்தில சொந்தக்காரர் வீட்டில நிண்டிருக்கா. அங்க ஒரு பொடியன் மீனோட படம் எடுக்கிறானாம், கம்ப்யூட்டரில போகுமாம் எண்டு கேள்விப்பட்டு, தானும் நிக்கப்போறன் எண்டு நிண்டிருக்கா. மறுகா ஆத்தைக் கடந்து போயிற்றா. ஆரோ ஒருத்தர்ட கையில கடிதம் தந்துவிட்டவ. மகளே, நான் கம்ப்யூட்டரில நிக்கிறன், போய்ப் பார் எண்டு.”

“அக்கா...”

“என்னோட வேலை செய்யிற பொம்பிளையின்ட மகன்தான் தேடிப் பிடிச்சுத் தந்தவன். மீனெல்லாம் பாத்தன் தங்கச்சி. எத்தினை மீன். நல்லா எழுதியிருக்கிறீங்க. அம்மாவை மட்டும் காணல்ல. ஒரு கை கிடக்கு.”

“அது உங்கட அம்மாட கையெண்டு எப்பிடித் தெரியும்?”

“மணிக்கட்டில சுட்ட தழும்பு இருக்குத்தானே? நெல் அவிக்கிற பானை சரிஞ்சது.”

அலுமாரியிலிருந்து படப்பெட்டியை எடுத்துவந்து, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு தேடினேன். இருந்தது. மெல்லிய, கறுத்த ஒரு பெண். களப்பு மீனைக் கையில் பிடித்துப் பழகாதவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. வயல்வட்டையில் அறுத்த கதிர்க்கட்டைத் தூக்குவது மாதிரி, கொடுவாவை மார்போடு அணைத்துத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒரு கண்ணில் மருந்துத் துணி. மற்றக் கண் கமராவை நேராகப் பார்த்தது. தழும்பும் இருந்தது.

“இருக்கா அக்கா. நல்லா இருக்கா. மீனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கா.”

மறுபக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரா என்று நினைத்தேன். சிரித்தார்.

“அவவுக்கு வரால் மட்டும்தான் பிடிக்கத் தெரியும், அதுவும் குளத்தில. ஆறு வருசம் தங்கச்சி. எங்கட பக்கம் போனும் இல்ல, படம் பிடிக்கிற கடையும் இல்ல.”

“நான் தபாலில படத்தை அனுப்பிவிடுறன்.”

“அனுப்புங்க. ஆனா வெப்சைட்டிலயும் போடுங்க. அண்ணன் லண்டனில, மாமா கனடாவில. அம்மா எனக்கு மட்டும் எண்டு நிக்கல்ல. கம்ப்யூட்டரில வரும் எண்டுதான் நிண்டவ.”

அன்றைக்குப் பிறகு வருகைப் புத்தகத்தைத் திரும்ப வாசித்தேன். முதல் வருடத்தில், வெட்டுவதற்கு முன்னால் எழுதியவர்கள். எல்லாம் பாடும் மீனைப் பற்றிய கேள்விகள் என்று நினைத்து நான் தாண்டிப்போனவை. (எங்கள் வாவியில் இரவில் மீன் பாடும் என்பது ஊர்ப்பேச்சு, நான் கேட்டதில்லை. இரவில் தோணியில் போய்க் காது வைத்துக் கேட்பவருக்கு நேரம் இருக்கவேண்டும், ஊரடங்கு இருக்கக்கூடாது.) நடுநடுவே வேறு ஆட்கள் எழுதியிருந்தார்கள். ‘நண்டுக்கு இடப்பக்கம் நிற்பவர் என் தகப்பன். மெலிந்துவிட்டார்.’ ‘கெளிற்றைப் பிடித்திருக்கும் பையன் என் தங்கை மகனா? வளர்ந்துவிட்டானே.’ பிறகு, வெட்டிய மாதத்திலிருந்து, ஒன்றுமில்லை. பஸ் சாரதியும் தாதியும் மட்டும்.

5

“நீ விஞ்ஞானியா, ஸ்டூடியோக்காரியா? முதல்ல அதை முடிவெடு,” என்றார் சுகுமார். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி அதுதான். ஆட்களைத் திரும்பப் போட்டால் வளையம் போய்விடும். போடாவிட்டால், உன்னிச்சையிலிருந்து ஆற்றைக் கடந்து வந்து நின்ற ஒரு மனிசியை நான் கையோடு மட்டும் வைத்திருப்பேன்.

கடிதம் எழுதினால் விதியைத்தான் திருப்பி எழுதுவார் என்று தெரியும். ஒரு ஞாயிறு, ஆரணியையும் கூட்டிக்கொண்டு படகேறி ஆர்னேயின் தீவுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“திரு. நல்லதம்பி வரவில்லையா?”

“அவர் களப்பில் இருக்கிறார். எழுதுவது நான்.”

அவருடைய முகம் சிவந்தது. இந்த நாட்டில் ஆண்கள் சிவப்பது நன்றாகத் தெரியும். நல்ல மனிதர். வாஃபிளும் இந்நாட்டு மண்ணிறச் சீஸும் தந்தார். கொட்டலசு ஒட்டிய கற்களை மேசை முழுக்கப் பரப்பிக் காட்டினார். கொட்டலசு வாழ்நாள் முழுக்கத் தலையால் நின்று, கால்களால் உணவை வாய்க்குள் தள்ளும் என்று ஆரணியிடம் சொன்னார். ஆரணி தலைகீழாக நின்று வாஃபிள் சாப்பிடப் பார்த்தாள்.

படங்களை மேசையில் வைத்துக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“படத்தில் மனிதர் இருந்தால் பார்ப்பவரின் கண் மனிதரிடம்தான் போகும்,” என்றார். “மீனை யாரும் பார்க்கமாட்டார்கள்.”

“உண்மை.”

“பிறகு எப்படி அது மீனைப் பற்றிய பக்கம்?”

“அளவு காட்டும் பொருள் வேண்டும் என்றீர்களே. பொன்னம்மாதான் அளவு. அவருடைய உயரம் தெரிந்தால் மீனின் நீளம் தெரியும்.”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

“கையை விடலாம்,” என்றார். “கை நல்ல அளவு. முகம் வேண்டாம்.”

“கை ஏற்கெனவே இருக்கிறது.”

“அப்படியானால் பிரச்சினை இல்லையே.”

அவருக்கு இல்லை.

“இரண்டு வெப்சைட் செய்யலாமே,” என்றார் பிறகு. “மீனுக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. நான் உதவி செய்கிறேன்.”

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் முதலில் பட்டது. வாஃபிளை மென்றுகொண்டே யோசித்தேன். வெறும் ஆட்களின் படங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு ரவி சாவடியைக் கடக்க முடியாது. ஆற்றின் இரு கரை ஆட்களின் முகங்களை ஒருவன் ஏன் சேர்க்கிறான்? அந்தக் கேள்விக்கு அங்கே வாயால் பதில் சொல்லி முடிப்பதில்லை. மீன் இருந்ததால்தான் சிப்பாய் சிரித்தான். மீன் இருந்ததால்தான் பொன்னம்மாவும் பயமில்லாமல் நின்றார். மீனை எடுத்துவிட்டால் அது படம் இல்லை, ஆட்பெயர்ப் பட்டியல். ஆளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அம்மா முன்பே சொல்லிவிட்டார்.

இதை என் நோர்வேஜியனில் சொல்ல வெகுநேரம் எடுத்தது. இடையிடையே ஆரணி என் வினைச்சொற்களைத் திருத்தினாள்.

“இது அரசியல்,” என்றார் ஆர்னே. கோபமாக இல்லை, கவலையாக. “வளையத்தில் அரசியல் வேண்டாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.”

“இல்லை. இது கொடுவா.”

அவர் சிரித்தார். ஆனால் விதியை மாற்றவில்லை. உங்களுக்காக விதியை மாற்றினால் நாளைக்கு நத்தைக்காரத் தாதி தன் பேரப்பிள்ளைகளைப் போடுவார் என்றார். அதுவும் நியாயம்தான். படகுத்துறை வரை வந்து வழியனுப்பினார். ஆரணிக்குக் கொட்டலசு ஒட்டிய ஒரு கல்லும் கொடுத்தார்.

படகில் வரும்போது ஆரணி கேட்டாள், இந்த முறை தமிழில்:

“அம்மா, தோத்திட்டமா?”

“ஓம்,” என்றேன். வளையத்தில் நிற்பது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவளுக்குத் தெரியும். பொய் சொல்லிப் பயனில்லை.

6

அடுத்த நாள் வளையத்தின் சின்னத்தை நானே எடுத்தேன். அவர் எடுப்பதற்கு முன்னால் எடுத்தேன், அந்த அளவு திமிர் எனக்கு உண்டு. பிறகு ஒவ்வொரு மீனாகத் திறந்து ஆட்களைத் திரும்ப உள்ளே விட்டேன். விலாங்கு மாமா பவுடரோடு வந்தார். சித்தி பூவோடு வந்தார். தெரியாத இரண்டு பேரும் நண்டுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

ஆனால் நான் உயிரியல் படித்தவள். விதி ஒன்றை விட்டுக்கொடுத்தேன், இரண்டாவதை விடவில்லை. அளவு கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் இப்போது மீனின் பெயர், இடம், அதன் பிறகு ‘அளவுகோல்’ என்று ஒரு வரி இருக்கிறது. மணலைப் பக்கத்தில்: ‘அளவுகோல்: என் அம்மா. ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்தடி என்று அவர் சொல்வதை நம்பவேண்டாம்.’

கொடுவாப் பக்கத்துக்கு மலரைக் கேட்டேன்.

“அக்கா, அம்மா எவ்வளவு உயரம்?”

“ஆருக்குத் தெரியும்? ஆர் அளந்தது?” என்றார். பிறகு, “பொறு,” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு எங்கோ போய் வந்தார். “நான் வெளிக்கிடக்குள்ள எனக்குத் தோள் மட்டில நிண்டவ. கட்டிப்பிடிச்சவதானே, இஞ்ச, எலும்பில, உச்சி பட்டது. இப்ப கதவில அடையாளம் வெச்சு அளந்தனான்.” அளவைச் சொன்னார்.

கதவில் வைத்த அடையாளத்திலிருந்து மீனின் நீளத்தைக் கணக்கிட்டுப் போட்டேன். பிழை இருக்கலாம். அந்த அம்மா ஆறு வருடத்தில் சற்றுக் கூனியிருக்கலாம். அதையும் எழுதினேன்: ‘அளவுகோல்: உன்னிச்சைப் பொன்னம்மா. உயரம், மகளின் தோளெலும்பு வரை. நேரில் இன்னும் அளக்கப்படவில்லை.’

ஸ்கொட்லாந்துத் தாதி மட்டும் இன்னும் வந்து போகிறார். வளையத்தின் வழியாக இல்லை, தானாக. பொன்னம்மாவின் கண் சுகமாகிவிட்டதா என்று கேட்டிருந்தார். தெரியாது என்று பதில் எழுதினேன். பாதை எப்போது திறக்கும் என்பதும் எனக்குத் தெரியாது. இதை வாசிக்கும் நேரம் உங்களுக்கு என்னைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

போன வியாழன் வேலை முடிந்து வரும் வழியில் தையற்கடை ஒன்றில் ஏறி அளவுநாடாக்கள் வாங்கினேன். நெளியக்கூடிய, மஞ்சள் நிறமானவை, சாவடியில் எவரும் சந்தேகப்படாதவை. ஒன்று ரவிக்கு. மற்றது, கண் மருந்துக்கு ஆற்றைக் கடந்து வரும் யாரிடமாவது உன்னிச்சைக்குக் கொடுத்தனுப்ப. மீனையும் அள, ஆளையும் அள என்று ஒரு துண்டுக் கடிதமும், மூன்று பிலிம் சுருளும் வைத்துக் கட்டினேன். மேலே அனுப்புநர் பெயரை, எந்த அலுவலகத்தையும் கேட்காமல், சுகந்தி என்று மட்டும் எழுதினேன். பொதி வெள்ளிக்கிழமை காலை தபாலில் போய்விட்டது.